இடைமுகக் கொள்கைகளைத் திரைக்குக் கொண்டுவருவது எப்படி?

நிரல் எழுதத் தெரியும், ஆப் சரியாக ஓடுகிறது, ஆனாலும் பயன்படுத்துபவர்கள் தடுமாறுகிறார்கள். "எளிமையாக வை, சீராக வை, பின்னூட்டம் கொடு" என்ற கொள்கைப் பட்டியல்களைப் படித்தாயிற்று. ஒரு திரையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதை மாற்றுவது என்று மட்டும் தெரியவில்லை. கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. அந்தப் பட்டியல்கள் தவறானவை அல்ல. அவை முடிவை மட்டும் சொல்லிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுகின்றன. காரணம் மனித உடம்பில் இருக்கிறது: விரலின் பருமன், கண்ணின் வரம்பு, நினைவு எவ்வளவு தாங்கும், கை எப்படிப் பழகிப்போகும். இவற்றில் பலவற்றுக்கு எண்கள் உண்டு. எண் தெரிந்தால் திரையில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். "பயனர் தப்பாக அழுத்திவிட்டார்" என்பது விளக்கம் ஆகாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க பி-17 விமானங்கள் நல்லபடியாகத் தரையிறங்கிய பிறகு விமானிகள் ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கி ஏறும் மடிப்பு) உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரத்தை உள்ளிழுத்துவிடும் விபத்துகள் நடந்தன. விமானியின் கவனக்குறைவு என்று எழுதி மூடியிருக்கலாம். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு வேலைக்குமான பிடிகள் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. அப்படி அமையாத சி-47 விமானத்தில் இந்த விபத்து இல்லை. சக்கரப் பிடியின் முனையில் சின்ன ரப்பர் சக்கரமும் ஃப்ளாப் பிடியின் முனையில் ஆப்பு வடிவமும் பொருத்தியதும் தடுமாற்றம் நின்றது. விமானிகளுக்குப் புதுப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. ஒரே இடத்தில் பலர் தவறுகிறார்கள் என்றால் அந்த இடத்தில்தான் கோளாறு. இந்தத் துறை முழுவதும் இந்தப் பார்வையின் மேல் நிற்கிறது.

ஒவ்வொரு திரையையும் மூன்று கேள்விகளோடு பாருங்கள். இங்கே என்னால் என்ன செய்ய முடியும்? நான் செய்தது நடந்ததா? தவறாகப் போனால் திரும்ப முடியுமா? வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நார்மன் முதல் இரண்டையும் இரண்டு பள்ளங்களாகச் சொன்னார்: செய்ய நினைப்பதற்கும் செய்யும் வழிக்கும் இடையில் ஒன்று, நடந்ததற்கும் நமக்குப் புரிவதற்கும் இடையில் இன்னொன்று. நிரலாளர்கள் முதல் பள்ளத்தை மூடப் பாடுபடுவார்கள். அதிகம் பேர் விழுவது இரண்டாவதில்.

அதற்குப் பெரிய பாடம் 1979 மார்ச் 28-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் கிடைத்தது. அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்து, மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டவே இல்லை. "மூடு" என்ற கட்டளை போய்விட்டது என்பதை மட்டும் காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது, உலையின் மையப் பகுதி ஓரளவு உருகியது.

இதே தவறு இன்றும் தினமும் எழுதப்படுகிறது. சேமி பொத்தானை அழுத்தியதும், சர்வர் பதில் சொல்வதற்கு முன்பே "சேமிக்கப்பட்டது" என்று காட்டும் ஒவ்வொரு திரையும் அந்த விளக்குதான். கட்டளை போன நிலையும் வேலை முடிந்த நிலையும் வேறு வேறு; திரையிலும் அவை வேறு வேறாகத் தெரிய வேண்டும்: "சேமிக்கிறது", "சேமிக்கப்பட்டது, 10:42", "சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயல்க". பதிலுக்குக் காத்திராமல் முடிந்துவிட்டதாகக் காட்டும் உத்தியை ஒரு விருப்பக் குறிக்கு (லைக்) பயன்படுத்தலாம். தோற்றால் குறியைச் சத்தமில்லாமல் திருப்பிக்கொள்ளலாம். பணம், மருந்தளவு, முன்பதிவு போன்றவற்றுக்குக் கூடாது.

பதில் வரும் வேகத்துக்கு மூன்று எல்லைகள் உண்டு. ராபர்ட் மில்லர் 1968-இலேயே எழுதியவற்றோடு ஒத்துப்போகும் இந்த எல்லைகளை ஜேக்கப் நீல்சன் பின்னர் பரவலாக்கினார். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் கை அசைத்ததும் நடந்ததுபோலத் தோன்றும். 1 நொடி வரை தாமதம் உணரப்படும், ஆனால் எண்ண ஓட்டம் அறாது. 10 நொடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். இதை நேரடியாக வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். பொத்தான் அழுந்தியதற்கான தோற்ற மாற்றம் 0.1 நொடிக்குள் வந்தே தீர வேண்டும், சர்வர் எவ்வளவு மெதுவாக இருந்தாலும். 1 நொடிக்குள் முடியும் வேலைக்குச் சுழலும் வளையம் வேண்டாம். தோன்றி உடனே மறைவது கண்ணை உறுத்தி, ஏதோ தவறிவிட்டது என்ற எண்ணத்தைத் தரும். 1 முதல் 10 நொடி வரை வளையம் போதும். அதற்கு மேல் போகும் என்றால் எவ்வளவு முடிந்தது என்று எண்ணிக்கையோடு காட்டுங்கள்: "340 கோப்புகளில் 112". நிறுத்தும் வழியும் கொடுங்கள். முன்னேற்றப் பட்டை பின்னோக்கி நகரவே கூடாது. 99 விழுக்காட்டில் ஒரு நிமிடம் நிற்கும் பட்டை, பட்டையே இல்லாததைவிட மோசம்.

இதோடு ஒட்டிய கோளாறு இரட்டைச் சமர்ப்பிப்பு. பதில் தெரியாதவர் மறுபடி அழுத்துவார், அது இயல்பு. முதல் அழுத்தத்திலேயே பொத்தானை முடக்கி, அதன் சொல்லை "அனுப்புகிறது" என்று மாற்றுங்கள். அது மட்டும் போதாது. நெட்வொர்க் அறுந்து மறுபடி அனுப்பப்படலாம், உலாவியின் இன்னொரு தாவலில் அதே படிவம் திறந்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு சமர்ப்பிப்புக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வரே தள்ளிவிட வேண்டும். திரையின் நம்பகத்தன்மையில் பாதி சர்வரில்தான் இருக்கிறது.

அடுத்து கை. பால் ஃபிட்ஸ் 1954-இல் ஒரு விதியைக் கண்டறிந்தார்: ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரம், தூரத்துக்கும் இலக்கின் அகலத்துக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையைப் பொறுத்தது. இன்று பரவலாகப் பயன்படும் வடிவத்தில், தூரத்தை அகலத்தால் வகுத்து, 1 கூட்டி, 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுக்க வேண்டும்; வருவது அந்த இலக்கைத் தொடுவதன் கடினம். 800 பிக்சல் தள்ளி 40 பிக்சல் அகலத்தில் பொத்தான் இருந்தால் கடினம் 4.39. அகலத்தை 80 ஆக்கினால் 3.46. அகலத்தை விட்டுவிட்டுத் தூரத்தை 400 ஆகக் குறைத்தாலும் அதே 3.46. ஆகவே அடிக்கடி தேவைப்படும் பொத்தானைப் பெரிதாக்க இடம் இல்லையென்றால், கை ஏற்கெனவே இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மடக்கை என்பதால் இன்னொன்றும் தெரிகிறது: சிறிய பொத்தானைக் கொஞ்சம் பெரிதாக்கினால் நல்ல பலன், ஏற்கெனவே பெரியதை மேலும் பெரிதாக்கினால் பலன் சொற்பம்.

மவுஸைப் பொறுத்தவரை திரையின் விளிம்பு ஒரு வரப்பிரசாதம். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் சுட்டி விளிம்பில் நின்றுவிடும். அந்தத் திசையில் இலக்கின் அகலம் எல்லையற்றது போல ஆகிவிடுகிறது. மெக்கின்டாஷின் மெனு பட்டை திரையின் உச்சியில் ஒட்டியிருப்பதன் பலன் இதுதான். ஆனால் அழகுக்காக விளிம்பிலிருந்து 2 பிக்சல் இடைவெளி விட்டால், அந்த இடைவெளி சொடுக்கை ஏற்காவிட்டால், பலன் மொத்தமும் போய்விடும். ஓரத்தில் ஒட்டிய பொத்தான்களைச் சோதிக்கும்போது சுட்டியைக் கடைசி பிக்சல் வரை தள்ளிச் சொடுக்கிப் பாருங்கள்.

தொடுதிரைக்கு அளவுகள் தெளிவாகவே இருக்கின்றன. ஆப்பிள் 44 பாயின்ட் என்கிறது, ஆண்ட்ராய்டு வழிகாட்டி 48 டிபி என்கிறது (இரண்டும் திரையின் அடர்த்திக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும் அலகுகள்). இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி, 2023-இல் வந்த 2.2 பதிப்பில் 24 பிக்சலைக் குறைந்தபட்சமாக வைத்தது. இந்த 24-ஐ இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது தரைமட்டம். ஐகான் கண்ணுக்கு 20 பிக்சலாகத் தெரியலாம். அதைச் சுற்றித் தொடக்கூடிய பகுதி 48 இருக்க வேண்டும். தேர்வுப் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் எழுத்தைத் தொட்டாலும் பெட்டி மாற வேண்டும். இதற்கு எழுத்தைப் பெட்டியோடு இணைக்கும் ஒரே ஒரு பண்புக்கூறு போதும், அதைத்தான் பலர் மறக்கிறார்கள். "நீக்கு" பொத்தானை "திருத்து" பொத்தானுக்கு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். படமோ விளம்பரமோ தாமதமாக வந்து பக்கத்தைக் கீழே தள்ளும்போது, விரல் இறங்கும் நேரத்தில் வேறு பொத்தான் அங்கே வந்து நிற்கிறது. வரப்போகும் படத்துக்கு உயரத்தை முன்பே ஒதுக்கிவைத்தால் இது நேராது.

மெனுவுக்குள் மெனுவில் ஒரு நுட்பமான கோளாறு உண்டு. துணைமெனு வலப்பக்கம் திறக்கிறது. அதன் கடைசி வரிக்குப் போக வேண்டும். கை இயல்பாகக் குறுக்கே சாய்வாகப் போகும். போகிற வழியில் அடுத்த தலைப்பின் மேல் சுட்டி படும், துணைமெனு மூடி வேறொன்று திறக்கும். சுட்டியின் இடத்திலிருந்து துணைமெனுவின் மேல், கீழ் மூலைகளுக்கு ஒரு கற்பனை முக்கோணம் வரைந்து, சுட்டி அதற்குள் நகரும்வரை மெனுவை மாற்றாமல் இருந்தால் சரியாகிவிடும்.

நினைவு பற்றிச் சொல்லும்போது "மெனுவில் ஏழுக்கு மேல் கூடாது" என்ற வாசகத்தைக் கேட்டிருப்பீர்கள். ஜார்ஜ் மில்லரின் 1956 கட்டுரையிலிருந்து தவறாக இறங்கி வந்தது அது. அவர் பேசியது கண்ணுக்கு முன் இல்லாததை மனதில் பிடித்துவைப்பதைப் பற்றி. மெனு கண்ணுக்கு முன்னே இருக்கிறது. அதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒழுங்காகத் தொகுத்த 20 வரிகள், மூன்றடுக்குக்குள் ஒளித்த ஏழு வரிகளைவிட மேல். மனதில் பிடிக்க வேண்டிய இடங்கள் வேறு, அங்கேதான் கண்டிப்பு தேவை. நெல்சன் கோவனின் 2001 ஆய்வுத் தொகுப்பு அந்த அளவை நான்கு வாக்கில் வைக்கிறது. ஒரு திரையில் காட்டிய குறிப்பு எண்ணை அடுத்த திரையில் தட்டச் சொல்வது, பிழைப் பட்டியலை ஒரு பக்கத்தில் காட்டித் திருத்த வேறு பக்கத்துக்கு அனுப்புவது, பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பையே பெட்டியின் பெயராக வைப்பது ஆகியவை நினைவைச் சோதிப்பவை. கடைசியில் சொன்னது மிகப் பரவலான தவறு. தட்டத் தொடங்கியதும் குறிப்பு மறைந்துவிடும். இந்தப் பெட்டி பிறந்த ஊருக்கா, இருக்கும் ஊருக்கா என்று அழித்துப் பார்த்தால்தான் தெரியும். பெயர் எப்போதும் பெட்டிக்கு வெளியே, மேலே இருக்கட்டும்.

பிழைகளில் இரண்டு வகை. சரியாக நினைத்துக் கை தவறுவது ஒன்று. நினைப்பே தவறாக இருப்பது இன்னொன்று. மருந்தும் வேறு வேறு. கை தவறுவதற்கு "நிச்சயமாகவா?" என்று கேட்கும் பெட்டி உதவாது. அதைப் பத்து முறை பார்த்தவருக்கு, நீக்குவது என்பதே "நீக்கு, சரி" என்ற ஒரே அசைவாகக் கையில் பதிந்துவிடும். தவறான கோப்பைத் தேர்ந்தெடுத்த அன்றும் கை அப்படியே இரண்டையும் அழுத்தும். இதற்கு மருந்து செயல்தவிர்ப்பு (அன்டூ). நீக்கியதை உடனே அழிக்காமல் ஒதுக்கிவைத்து, "நீக்கப்பட்டது. திரும்பக் கொண்டுவா" என்று சில நொடிகள் காட்டுங்கள், அதற்குப் பிறகும் 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கட்டும். திரும்பவே முடியாத செயல் என்றால் மட்டும் தடுத்து நிறுத்துங்கள், அப்போதும் ஆம், இல்லை என்று கேட்காமல், அழிக்கப்போகும் பொருளின் பெயரைத் தட்டச் சொல்லுங்கள். பழகிய கை அங்கே நின்றுதான் ஆக வேண்டும்.

நினைப்பு தவறுவதற்கு வேண்டியது தகவல். 2020 ஆகஸ்டில் சிட்டி வங்கி, சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில் கூடவே அசல் தொகையையும் சேர்த்து ஏறக்குறைய 90 கோடி டாலரை வெளியே அனுப்பிவிட்டது. அசலை உள்கணக்கிலேயே நிறுத்திவைக்க அந்த மென்பொருளில் மூன்று இடங்களில் குறியிட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் குறியிட்டார்கள். பதிவிட்டவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று பேர் அதைப் பார்த்தார்கள். மூவருக்கும் ஒரே தவறான புரிதல். எச்சரிக்கைப் பெட்டியும் வந்தது. பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று அது கேட்டது. வட்டி எப்படியும் வெளியே போக வேண்டியதுதானே! எவ்வளவு போகும் என்று அது சொல்லவில்லை. தொகையை அந்தப் பெட்டியில் காட்டியிருந்தால் மூன்று பேரில் ஒருவராவது நின்றிருக்க வாய்ப்பு உண்டு. உறுதிப் பெட்டி எழுதும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்: நடக்கப்போவதை அளவோடும் பெயரோடும் சொல்லுங்கள். பொத்தான்களில் "சரி", "ரத்து" வேண்டாம். "ஆர்டரை ரத்து செய்யலாமா?" என்ற கேள்விக்கு "ரத்து" என்ற பொத்தான் எதைச் செய்யும்? "ஆர்டரை நிறுத்து", "ஆர்டர் இருக்கட்டும்" என்று வினையை முழுதாக எழுதினால் கேள்வியைப் படிக்காதவருக்கும் புரியும்.

பிழைச்செய்தி மூன்றைச் சொல்ல வேண்டும்: என்ன ஆயிற்று, ஏன், இனி என்ன செய்வது. 1985 முதல் 1987 வரை தெரக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் 6 நோயாளிகளுக்கு மிகையான கதிரைச் செலுத்தியது, அவர்களில் சிலர் இறந்தார்கள். மூலக் காரணம் மென்பொருளில் இருந்த பிழையும், வன்பொருள் தடுப்புகளை எடுத்துவிட்டதும். ஆனால் திரையும் துணைபோனது. கோளாறு நேர்ந்தபோது அது காட்டியது "மால்ஃபங்ஷன் 54" என்ற சொல்லும் எண்ணும் மட்டும். சாதாரணக் கோளாறுக்கும் இப்படியே ஒரு எண் வரும், ஒரே விசையை அழுத்தித் தொடரலாம். அடிக்கடி பார்த்துப் பழகியவர்கள் தொடர்ந்தார்கள். சின்னக் கோளாறும் உயிர்போகும் கோளாறும் ஒரே தோற்றத்தில் வரக்கூடாது.

படிவங்களுக்கு வருவோம், பெரும்பாலான ஆப்கள் படிவங்கள்தானே. தட்டத் தொடங்கியதுமே "மின்னஞ்சல் தவறு" என்று சிவப்பில் கத்துவது அநியாயம். முழுதாக எழுத விட்டு, பெட்டியை விட்டு வெளியேறியதும் சரிபாருங்கள். பிழை ஏற்கெனவே காட்டப்பட்டுத் திருத்திக்கொண்டிருந்தால் மட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் சரிபார்த்து, சரியானதும் உடனே செய்தியை எடுத்துவிடுங்கள். அனுப்பிய பிறகு பிழை இருந்தால் எழுதியது எதுவும் அழியக் கூடாது. கர்சர் முதல் பிழைப் பெட்டிக்குப் போக வேண்டும். அட்டை எண்ணில் இடைவெளி விட்டால் திட்டாதீர்கள். இடைவெளியை நீக்க நிரலில் ஒரு வரி போதும்; அதை மனிதரிடம் தள்ளுவது சோம்பல். எண் மட்டும் வேண்டிய பெட்டிக்கு எண் விசைப்பலகை திறக்கட்டும்.

எழுத்து எண்ணிக்கையில் நம் மொழிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. "தமிழ்" என்பது படிப்பவருக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். பெயருக்கு 20 என்று எல்லை வைத்து நிரல் குறியீடுகளை எண்ணினால், பயனர் பன்னிரண்டு பதின்மூன்று எழுத்திலேயே தடுக்கப்படலாம். நீளமான தலைப்பைக் குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் "ழ்" என்பதன் புள்ளி போய் "ழ" மிஞ்சும். எழுத்துக்கொத்தாக, அதாவது படிப்பவர் காணும் முழு எழுத்தாக, எண்ணும் நூலகச் செயல்கள் எல்லா முக்கிய நிரல்மொழிகளுக்கும் உண்டு. கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீளும் எழுத்துருவுக்கு வரி உயரம் கூடுதலாகத் தேவை. எழுத்தளவைப் போல 1.5 மடங்குக்குக் குறைந்தால் வரிகள் உரசலாம். ஆங்கிலத்தில் வடிவமைத்த பொத்தானுக்குள் மொழிபெயர்த்த சொல்லைத் திணிக்காதீர்கள், பொத்தான் சொல்லுக்கு ஏற்ப விரியட்டும்.

ஒரே செயல் வேறு வேறு நேரத்தில் வேறு வேறு பலன் தந்தால் அதை மோட் என்கிறார்கள். கேப்ஸ் லாக் நாம் தினமும் பார்க்கும் உதாரணம். வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர் வாழ்நாள் முழுக்க இதை எதிர்த்தார். காரணம் புரிய, 1992 ஜனவரி 20-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் அருகே விழுந்த ஏர்பஸ் ஏ320-ஐப் பாருங்கள். 87 பேர் இறந்தார்கள். விமானம் இறங்கும் வேகத்தைக் குறிக்க ஒரே திருகி இரண்டு மோடில் வேலை செய்தது. கோண மோடில் 3.3 டிகிரி என்று பொருள்படும் எண், வேக மோடில் நிமிடத்துக்கு 3,300 அடி. திரையில் ஒன்று "-3.3" என்றும் மற்றது "-33" என்றும் தெரியும். கோணத்தை வைப்பதாக எண்ணி வேகத்தை வைத்திருக்கலாம் என்பது விசாரணையில் முன்னுக்கு வந்த விளக்கம். பின்னர் வேக மோடில் நான்கு இலக்கங்களும் காட்டும்படி மாற்றினார்கள். மோடைத் தவிர்க்க முடியாதபோது, அது கண் பதிந்திருக்கும் இடத்திலேயே தெரிய வேண்டும், திரையின் மூலையில் அல்ல. இன்னும் நல்லது, ஷிஃப்ட் விசை போல அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் நீடிக்கும் மோட்; விரலுக்கே அது நினைவிருக்கும்.

கண் விஷயத்தில் எண்கள் உறுதியானவை. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கும் பொத்தான் விளிம்பு, ஐகான்களுக்கும் 3:1. வெள்ளைப் பின்னணியில் #767676 சாம்பல் தேறிவிடும், விகிதம் 4.54, #777777 தேறாது, 4.48. வெயிலில் போனைப் பார்ப்பவருக்கு இந்த எல்லையே போதாது என்பதால் உடல் எழுத்துக்கு இன்னும் கருமையாகவே வையுங்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. எனவே நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள், கூடவே சொல்லோ குறியோ இருக்கட்டும். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பக்கத்தில் இருப்பவற்றைக் கண் சேர்த்தே பார்க்கும். பெட்டியின் பெயர் அதன் பெட்டிக்கு 8 பிக்சல் தூரத்திலும், முந்தைய பெட்டிக்கு 24 பிக்சல் தூரத்திலும் இருந்தால் எது எதனுடையது என்ற ஐயமே வராது. இரண்டும் 16 என்றால் வரும். 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவின் பாம் பீச் வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் இரு பக்கமும், துளைகள் நடுவில் ஒரே வரிசையிலும் இருந்தன. இடப்பக்கப் பட்டியலில் இரண்டாவது பெயர் அல் கோர். நடுவில் இரண்டாவது துளையோ வலப்பக்கத்து புக்கனனுக்கு உரியது. இரண்டாவது பெயருக்கு இரண்டாவது துளை என்று நினைப்பது மனித இயல்பு. ஆயிரக்கணக்கான வாக்குகள் திசைமாறின என்று பின்னர் நடந்த ஆய்வுகள் கணித்தன.

மவுஸைத் தொடாமல் தாவல் (Tab) விசையால் மட்டும் உங்கள் ஆப் முழுவதும் ஒரு முறை போய்வாருங்கள். எங்கே நிற்கிறோம் என்ற வெளிக்கோடு மறைந்தால், அழகுக்காக யாரோ அதை நீக்கியிருக்கிறார்கள், திரும்பக் கொண்டுவாருங்கள். பொத்தான் போல வரைந்த வெற்றுப் பெட்டிகளில் தாவல் நிற்காது, பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானும் அவற்றைப் பொத்தான் என்று சொல்லாது. உண்மையான பொத்தான் கூறையே பயன்படுத்தினால் இரண்டும் இலவசமாக வரும்.

விசைப்பலகைக்கு வேகக் கணக்கும் உண்டு. கார்ட், மோரன், நியூவெல் மூவரும் 1980-இல் வெளியிட்ட முறையில், நிமிடத்துக்கு 40 சொல் தட்டுபவருக்கு ஒரு விசை 0.28 நொடி, சுட்டியை இலக்குக்கு நகர்த்த 1.1, கையை விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இடையே மாற்ற 0.4, மவுஸ் பொத்தானை அழுத்தி விட 0.2. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு மவுஸில் போனால் 0.4, 1.1, 0.2, 0.4 கூட்டி 2.1 நொடி. தாவல் விசையில் 0.28. பத்துப் பெட்டிப் படிவத்தில் ஒன்பது தாவல்கள்: 18.9 நொடிக்கு எதிராக 2.5. நாளுக்கு 200 படிவம் நிரப்பும் ஊழியருக்கு வித்தியாசம் கிட்டத்தட்ட 55 நிமிடம். தாவல் வரிசை தப்பான இடத்துக்குத் தாவினால் அவர் மவுஸுக்கே திரும்புவார், இந்த நேரம் வீணாகும். இந்தக் கணக்கு பழகியவருக்கு மட்டும் பொருந்தும். புதியவர் எங்கே தடுமாறுவார் என்பதை இது சொல்லாது.

அதற்கு ஆள்களை உட்காரவைத்துப் பார்ப்பதுதான் வழி. ஐந்து பேர் போதும் என்பார்கள். ஒரு குறை ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு 31 விழுக்காடு என்ற சராசரியிலிருந்து வந்த எண் அது. ஐந்து பேரில் 84 விழுக்காடு வெளிவரும். ஆனால் பத்தில் ஒருவருக்கு மட்டும் நேரும் குறை ஐந்து பேரில் வெளிப்பட 41 விழுக்காடுதான் வாய்ப்பு, அது 79 ஆக 15 பேர் வேண்டும். அதனால் ஐந்து பேர், திருத்தம், வேறு ஐந்து பேர், மறுபடி திருத்தம் என்று மூன்று சுற்றாகப் பிரித்துக்கொள்வது சிறந்தது.

பணியைச் சொல்லும்போது பொத்தானின் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். "சுயவிவர அமைப்பில் முகவரியை மாற்றுங்கள்" என்றால் அவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடுவார், அவ்வளவுதான். "நீங்கள் வீடு மாறிவிட்டீர்கள், அடுத்த பொருள் புது வீட்டுக்கு வர வேண்டும்" என்று சொல்லுங்கள். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர் நின்றுவிட்டால் உதவாதீர்கள், "இங்கே என்ன இருக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விரல் நீட்டாமல் இருப்பதுதான் இதில் மிகக் கடினமான வேலை. பிடித்திருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் நாகரிகத்துக்கு ஆம் என்பார்கள். மதிப்பெண் வேண்டுமென்றால் ஜான் புரூக்கின் பத்துக் கேள்விப் படிவத்தைக் கடைசியில் கொடுங்கள். 0 முதல் 100 வரை போகும் அந்த மதிப்பெண்ணில் சராசரி 68 வாக்கில் இருக்கும், அது விழுக்காடு அல்ல.

கிடைத்த குறிப்புகளை எத்தனை பேர் சிக்கினார்கள், சிக்கியவர் தானாக மீண்டாரா என்ற இரண்டை வைத்து வரிசைப்படுத்துங்கள். மீளவே முடியாத இடம், ஒருவருக்கு நேர்ந்திருந்தாலும், முதலில். பிறகு முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியவை சொற்கள்: பொத்தான் பெயர், தலைப்பு, பிழைச்செய்தி. அரை நாளில் மாற்றலாம், திரை அமைப்பைக் கலைக்க வேண்டாம். அடுத்த ஐந்து பேர் அதே இடத்தில் இன்னும் நின்றால், அப்போது திரையைப் பிரித்து மறுபடி கட்டுங்கள்.